வெறும் வயிறும் மாத்தே இலையும்

பெருமுக்கல் மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒருபொழுது இருப்பது யாருக்கும் புதிதல்ல. கிருத்திகைக்கு ஒருபொழுது, சஷ்டிக்கு விரதம், ஏகாதசிக்கு உபவாசம், ரமலான் மாத நோன்பு, தவக்காலத்து ஒருசந்தி என்று திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடைப்பட்ட அந்தச் சாலையோர ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒரு வழக்கம் உண்டு. கடந்த சில ஆண்டுகளில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்தால் மறுநாள் நண்பகல் வரை ஒன்றும் உண்பதில்லை. பதினாறு மணி நேரம் வயிறு காலி. மீதி எட்டு மணி நேரத்துக்குள் அன்றைய சாப்பாடு முழுவதும். இந்த முறையை இங்கே ‘இடைநோன்பு’ என்று அழைப்போம். வேண்டுதல் எதுவும் இதில் இல்லை, எடை குறைய வேண்டும் என்பதே நோக்கம்.

இடைநோன்பு இருப்பவர்களிடையே ஒரு பானமும் பேசப்படுகிறது. தென்னமெரிக்காவிலிருந்து வரும் யெர்பா மாத்தே என்ற இலையை வெந்நீரில் ஊறவைத்து, பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் நோன்பு நேரத்தில் குடித்தால் பசி தெரியாது, கொழுப்பும் வேகமாகக் கரையும் என்கிறார்கள். கேட்பவருக்கு இரண்டு சந்தேகங்கள் வருவது இயல்பு. குடித்தால் நோன்பு முறியாதா? அந்த இலைக்குக் கொழுப்பைக் கரைக்கும் சக்தி உண்மையிலேயே இருக்கிறதா? முதல் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவதற்குக் கொஞ்சம் சுற்றிப் போக வேண்டும். எடை குறைவதில் இலையின் சொந்தப் பங்கு மிகச் சிறியது என்பதும், அது நம் நாளில் எதன் இடத்தைப் பிடிக்கிறது என்பதே பலனைத் தீர்மானிக்கிறது என்பதும் இந்த அத்தியாயம் முன்வைக்கும் வாதம்.

ஐம்பத்தேழு நாள் நோற்றவர்

பெருமுக்கல்லுக்கு மேற்கே, செஞ்சிக்குப் பக்கத்தில், திருநாதர்குன்று இருக்கிறது. அங்குள்ள பாறையில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர்நீத்ததைச் சொல்லும் கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு அது. சல்லேகனை எனப்படும் அந்த நோன்பு உடலைத் துறப்பதற்கானது. எடைக் குறைப்போடு அதை ஒன்றாக வைத்துப் பேசுவது தகாது. ஆனால் உடல் எப்படி இயங்குகிறது என்று பார்ப்பவருக்கு அந்த 57 என்ற எண் ஒரு பெரிய தடயம். 1929இல் லாகூர் சிறையில் உண்ணாவிரதம் இருந்த ஜதீந்திரநாத் தாஸ் 63ஆம் நாளில் இறந்தார். 1981இல் வட அயர்லாந்துச் சிறையில் உண்ணாவிரதம் இருந்து இறந்த பத்துப் பேரும் 46 முதல் 73 நாட்கள் வரை தாங்கினார்கள். தண்ணீரையும் மறுத்த ஈழப் போராளி திலீபன் 1987 செப்டம்பரில் யாழ்ப்பாணத்து நல்லூரில் பன்னிரண்டாம் நாளே உயிர்விட்டார். தண்ணீர் மட்டும் கிடைத்தால் மெலிந்த மனித உடல்கூட ஏறத்தாழ இரண்டு மாதம் தன் சேமிப்பைக் கொண்டே உயிரைப் பிடித்துவைத்திருக்கும்.

அந்தச் சேமிப்பை எடுப்பதில் உடலுக்கு ஒரு வரிசை இருக்கிறது. கல்லீரலில் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் ஏறத்தாழ 100 கிராம் இருக்கும். சாப்பிட்ட உணவின் சர்க்கரை ரத்தத்தில் தீர்ந்ததும் உடல் முதலில் தொடுவது இதைத்தான். இரவு உணவுக்குப் பிறகு பன்னிரண்டு மணி நேரம் ஆவதற்குள் இதில் கணிசமான பகுதி கரைந்துவிடும். கூடவே கொழுப்புச் செல்களும் தம் சேமிப்பை ரத்தத்தில் விடத் தொடங்கும். நேரம் ஆக ஆகக் கொழுப்பின் பங்கு கூடிக்கொண்டே போகும். பட்டினி நாட்கணக்கில் நீண்டால் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற பொருளைத் தயாரித்து மூளைக்கும் அனுப்பும். சந்திரநந்தியின் உடல் கடைசி வாரங்களில் பெரும்பாலும் அதைக் கொண்டே இயங்கியிருக்கும்.

இந்த வரிசையின் கடிவாளம் இன்சுலின் கையில் இருக்கிறது. இன்சுலின் ஏறினால் கொழுப்புச் செல்கள் மூடிக்கொள்ளும், இறங்கினால் திறந்துகொள்ளும். மூடுவதற்குச் சிறிதளவே போதும். ஆகவே பாலும் சர்க்கரையும் கலந்த ஒரு கிளாஸ் டீ, உடலின் கணக்கில், நோன்பை முறித்துவிடும். வெறும் இலை ஊறிய நீரில் எரிபொருள் என்று சொல்லத்தக்கது இல்லாததால் அது முறிக்காது. மாத்தேவுக்கு மட்டுமான சலுகை இல்லை இது. பால் சேர்க்காத நீலகிரித் தேயிலைக்கும் சர்க்கரை போடாத கடுங்காப்பிக்கும் இதே விடைதான். வழிபாட்டு நோன்புகளின் விதி வேறு. ரமலான் பகலில் தண்ணீரும் கூடாது. சமணர் உபவாசத்தில் காய்ச்சிய நீர் மட்டுமே உண்டு. அந்த விதிகளை வேதியியலால் திருத்த வேண்டியதில்லை.

எரிவது வேறு, குறைவது வேறு

நோன்பு நேரத்தில் கொழுப்பு எரிகிறது என்றால் எடை குறையத்தானே வேண்டும்? இடைநோன்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறது. இரவில் தூங்கும்போது எல்லோருக்கும் கொழுப்பு எரிகிறது. பகலில் சாப்பிட்டதும் எல்லோருக்கும் கொழுப்பு சேர்கிறது. இருபத்துநான்கு மணி நேரம் முடியும்போது எரிந்தது அதிகமா, சேர்ந்தது அதிகமா என்பதைப் பொறுத்தே இடுப்பின் அளவு மாறும். பதினாறு மணி நேரம் எரித்ததை எட்டு மணி நேரத்தில் திரும்ப நிரப்பிவிட முடியும், அதற்கு இரண்டு வேளைச் சாப்பாடும் ஒரு தட்டுப் பலகாரமும் போதும்.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் 116 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் நண்பகல் முதல் இரவு எட்டு மணி வரை மட்டும் உண்டார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் மூன்று வேளை உண்டார்கள். என்ன, எவ்வளவு என்ற கட்டுப்பாடு எவருக்கும் இல்லை. இடைநோன்புப் பிரிவில் சராசரியாக 0.94 கிலோ குறைந்தது, மூன்று வேளை உண்டவர்களிடம் 0.68 கிலோ. இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. சீனாவின் குவாங்சோ நகரில் 139 பேரை ஓராண்டு கவனித்த ஆய்வு 2022இல் வந்தது. இரு பிரிவினருக்கும் ஒரே அளவு குறைந்த உணவு. ஒரு பிரிவினர் மட்டும் காலை எட்டு முதல் மாலை நான்கு வரை உண்டார்கள். அவர்கள் 8 கிலோ குறைந்தார்கள், நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் 6.3 கிலோ. இதையும் ஆய்வாளர்கள் தற்செயலைத் தாண்டிய வேறுபாடாகக் கொள்ளவில்லை.

முதல் ஆய்வின் 0.94 கிலோவை நாள்கணக்கில் பிரித்துப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. உணவின் ஆற்றலைக் கலோரியில் அளக்கிறோம். உடலில் ஒரு கிலோ கொழுப்புத் திசு என்பது தோராயமாக 7,700 கலோரி. 0.94 கிலோவை 84 நாட்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 86 கலோரி வருகிறது. பதினாறு மணி நேரம் வாயைக் கட்டியவர்கள், மீதி எட்டு மணி நேரத்தில் உண்டது போக, நிகரமாக விட்டது அவ்வளவுதான். பாலும் சர்க்கரையும் கலந்த ஒரு கிளாஸ் டீக்கும் அதே அளவு கலோரிதான்.

இலைக்குள் இருப்பது

மாத்தே என்பது தென்னமெரிக்காவின் பரானா, பராகுவே ஆறுகளை ஒட்டிய காடுகளில் வளரும் பசுமைமாறா மரத்தின் இலை. தேயிலைக்கும் இதற்கும் தாவர உறவு கிடையாது. குவாரனி பழங்குடி மக்கள் இதைத் தொன்றுதொட்டுக் குடித்துவந்தார்கள், ஏசு சபைப் பாதிரிமார்கள் பதினேழாம் நூற்றாண்டில் தோட்டப்பயிராக்கினார்கள். இன்று உலகில் மிக அதிகமாக விளைவிக்கும் நாடு அர்ஜென்டினா. உலர்ந்த சுரைக்குடுவையில் இலைத்தூளை நிரப்பி, வெந்நீர் ஊற்றி, வடிகட்டி பொருத்திய உலோகக் குழலால் உறிஞ்சுவார்கள். ஒரே குடுவையில் திரும்பத் திரும்ப நீர் ஊற்றிக் கூட்டத்தில் கைமாற்றிக் குடிப்பதே அங்கே மரபு. அங்கே போய்த் திரும்பிய குடியேறிகள் வழியாகச் சிரியாவிலும் இது வேரூன்றிவிட்டது.

இலையில் மூன்று வகைப் பொருட்கள் நம் கேள்விக்குத் தொடர்புடையவை. முதலாவது காஃபீன், ஒரு கோப்பையில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் இருக்கும். கூடவே அதன் உறவான தியோபுரோமின் கொஞ்சம் உண்டு; கொக்கோவில் இருப்பதும் அதுவே. இரண்டாவது குளோரோஜெனிக் அமிலங்கள். நாம் குடிக்கும் காப்பியிலும் இவை தாராளம். மூன்றாவது சப்போனின்கள், பூந்திக்கொட்டையை நுரைக்கவைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆக, இலையின் முக்கியமான வேலையாட்கள் இருவரும் கும்பகோணம் டிகிரி காப்பியிலும் இருக்கிறார்கள்.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள் என்ன சொல்கின்றன? அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2001இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வு. மாத்தே, குவாரனா, டமியானா என்ற மூன்று மூலிகைகள் கலந்த மாத்திரையை அதிக எடை கொண்டவர்களுக்குக் கொடுத்தபோது, வயிறு காலியாக எடுத்துக்கொண்ட நேரம் 38 நிமிடத்திலிருந்து 58 நிமிடமாகக் கூடியது. 45 நாளில் 5.1 கிலோ குறைந்தது. போலி மாத்திரை உண்டவர்களிடம் 0.3 கிலோதான். கேட்கவே கவர்ச்சியான எண். ஆனால் மூன்று மூலிகைக் கலவையின் பலனை ஒன்றின் கணக்கில் எழுத முடியாது. குவாரனாவும் காஃபீன் செறிந்த விதை. மாத்தேவை மட்டும் கொடுத்துக் கொரியாவில் முப்பது பேரிடம் பன்னிரண்டு வாரம் நடத்திய ஆய்வு 2015இல் வந்தது. அங்கே உடல் கொழுப்பு குறைந்தது உண்மை. குறைந்த அளவு ஒரு கிலோவுக்கும் கீழே. இந்த இரண்டு ஆய்வுகளிலும் இடைநோன்பு இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மாத்தேவையும் நோன்பையும் சேர்த்தால் பலன் பெருகும் என்று விற்பவர்கள் தனித்தனியான இரண்டு சிறிய பலன்களைத் தாங்களாகவே பெருக்கிக்கொள்கிறார்கள்.

காஃபீன் கொழுப்பை ‘எடுத்து வெளியே விடும்’ என்பதும் அரைகுறை உண்மைதான். சுவிட்சர்லாந்தில் 2004இல் இதை அளந்து பார்த்தார்கள். காஃபீன் உண்ட பிறகு கொழுப்புச் செல்களிலிருந்து கொழுப்பு புறப்படும் வேகம் இருமடங்கானது. ஆனால் அப்படிப் புறப்பட்டதில் ஏறத்தாழ கால்பங்கு மட்டுமே எரிந்தது. மற்ற முக்கால்பங்கு எரிக்க ஆளில்லாமல் சேமிப்புக்கே திரும்பிவிட்டது. வெளியே வந்த கொழுப்பை எரிக்கத் தசைக்கு வேலை வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து குழலால் உறிஞ்சுவது அந்த வேலை ஆகாது.

ஒரு நாளின் கணக்கு

இப்போது ஒருவரை எடுத்துக்கொள்வோம். திண்டிவனத்தில் கடை வைத்திருப்பவர், வயது நாற்பது, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. சும்மா படுத்திருந்தாலே இவர் உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,635 கலோரி செலவழிக்கும், மணிக்கு 68. இவருடைய பழைய வழக்கம் இது: விடியற்காலையில் கடைக்குப் போகும் வழியில் ஒரு டீ, எட்டரைக்கு இட்லியோ பொங்கலோ, பதினொரு மணிக்கு ஒரு டீ, ஒரு வடை, இரண்டு மணிக்குச் சாப்பாடு, மாலையில் டீயும் பஜ்ஜியும், இரவு ஒன்பதரைக்குத் தோசையோ பரோட்டாவோ. இடைநோன்பு தொடங்கியதும் இரவு உணவை எட்டு மணிக்குள் முடித்து, மறுநாள் நண்பகல் வரை மூன்று கோப்பை மாத்தே மட்டும் குடிக்கிறார்.

இலையின் பங்கை முதலில் பார்ப்போம். 100 மில்லிகிராம் காஃபீன் குடித்தால் ஓய்வு நிலைச் செலவு அடுத்த இரண்டரை மணி நேரத்துக்கு 3 முதல் 4 சதவீதம் கூடும் என்று 1989இல் வெளியான ஓர் ஆய்வு அளந்தது. நம் கடைக்காரர் இரண்டரை மணி நேரத்தில் செலவழிப்பது 170 கலோரி. அதில் மூன்றரை சதவீதம் என்றால் 6 கலோரி. அதே ஆய்வில் நாள் முழுவதும் 600 மில்லிகிராம் கொடுத்தபோது ஒல்லியானவர்களிடம் 150 கலோரியும், முன்பு பருமனாக இருந்து இளைத்தவர்களிடம் 79 கலோரியும் கூடியது. ஒல்லியானவர்களின் எண்ணையே வைத்துக்கொண்டாலும் 100 மில்லிகிராமுக்கு 25 கலோரிதான். மூன்று கோப்பையில் 240 மில்லிகிராம் காஃபீன். ஆகவே இலை எரித்துக்கொடுப்பது குறைந்தபட்சம் 15, அதிகபட்சம் 60 கலோரி.

இனி இலை எதை வெளியேற்றியது என்று பார்ப்போம். டீக்கடை கிளாஸில் பால் 60 மில்லி என்றால் 40 கலோரிக்குச் சற்று மேல், இரண்டு கரண்டிச் சர்க்கரை 10 கிராம் என்றால் 40 கலோரி. ஒரு டீக்கு 80 என்று வைப்போம். நண்பகலுக்கு முந்தைய இரண்டு டீ போனதில் 160. வடை போனதில் 120. காலை டிபன் போனதில் 400, ஆனால் பசியோடு உட்காருபவர் மதியம் கூடுதலாக 250 உண்பார் என்று கொண்டால் நிகர லாபம் 150. மொத்தம் 430 கலோரி. இந்த 430இல் இலைக்கு எந்தப் பங்கும் இல்லை. அவர் மாத்தேவுக்குப் பதில் மண்பானைத் தண்ணீரைக் குடித்திருந்தாலும் 430 அப்படியே நிற்கும். இலையின் உச்சபட்சப் பங்கான 60ஐச் சேர்த்தால் 490. அதில் இலை எட்டில் ஒரு பங்கு. கசக்கிறதென்று அந்த மூன்று கோப்பையிலும் இரண்டிரண்டு கரண்டிச் சர்க்கரை போட்டால் 120 கலோரி உள்ளே போகும். இலை எரித்ததைப் போல் இருமடங்கு அது. 78 கிலோ எடையுள்ளவர் பெருமுக்கல் மலையில் ஐம்பது மீட்டர் உயரம் ஏறினால் ஏறத்தாழ 35 கலோரி செலவாகும். ஆக ஒரு டீயின் சர்க்கரையைக்கூட அந்த ஏற்றம் முழுவதாகத் தீர்க்காது, ஆனால் ஒரு கோப்பை மாத்தேவைவிட அது நிச்சயம் அதிகம் எரிக்கும்.

காகிதத்தில் 430 கலோரி என்றால் பதினெட்டு நாளில் ஒரு கிலோ குறைய வேண்டும். சான்பிரான்சிஸ்கோவில் 84 நாளிலும் ஒரு கிலோ குறையவில்லையே, ஏன்? விட்டதை மாலையில் பிடித்துவிடுகிறோம். பஜ்ஜி ஒன்று மூன்றாகிறது, இரவில் பரோட்டா இன்னொன்று சேர்கிறது, அசதியில் நடமாட்டமும் குறைகிறது. கடைக்காரரின் 430 கலோரி எந்த ஓட்டை வழியாக 86 ஆகச் சுருங்குகிறது என்பதுதான் அவர் கவனிக்க வேண்டியது. இலையை மாற்றிப் பார்ப்பது அந்த ஓட்டையை அடைக்காது.

பசியை மறக்கடித்தாலே போதாதா?

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. இலை எரிக்காவிட்டால் என்ன, பசியை அடக்கி நண்பகல் வரை தாக்குப்பிடிக்க வைக்கிறதே, அதுவே பெரிய உதவி இல்லையா? இதை நான் தள்ளிவிடவில்லை. வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும் தன்மை உணவோடு குடித்தால் பயன்படும். வெறும் வயிற்றில் தாமதப்படுத்த ஒன்றுமில்லை. ஆனாலும் சூடான, சற்றுக் கசப்பான, கையில் பிடித்து மெல்லக் குடிக்கும் பானம் ஒன்று டீ வேளையை நிரப்பிவிடுகிறது. டீக்கடைக்குப் போகும் பழக்கத்தில் பாதி பசிக்காகவும் பாதி பேச்சுக்காகவும்தான். அந்த வேளையில் கையில் வேறொரு கோப்பை இருப்பது உண்மையான உதவி. அந்த உதவியைப் பால் சேர்க்காத தேயிலையும் சுக்கு வெந்நீரும் அதே அளவு செய்யும். அதற்காகக் கடல் கடந்து வந்த இலைக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டுமா என்பது அவரவர் ருசியையும் பையையும் பொறுத்தது.

காஃபீனின் பசியடக்கும் குணத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது. காலையில் அடங்கிய பசி பெரும்பாலும் மாலையில்தான் திரும்பிவரும். அப்போது இன்னொரு கோப்பை குடித்தால் தூக்கம் கெடும். உடலில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். படுப்பதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன் 400 மில்லிகிராம் எடுத்தவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கத்தை இழந்ததை 2013இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. 2010இல் சிக்காகோவில் நடந்த மற்றோர் ஆய்வு இன்னும் கவலை தருகிறது. உணவைக் குறைத்திருந்த பத்துப் பேரை ஒரு கட்டத்தில் எட்டரை மணி நேரமும் மறு கட்டத்தில் ஐந்தரை மணி நேரமும் படுக்கவைத்தார்கள். எடை இரண்டு கட்டத்திலும் ஒரே அளவு இறங்கியது. ஆனால் தூக்கம் குறைந்த கட்டத்தில் போன கொழுப்பு பாதிக்கும் கீழே. மீதம் தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத பகுதியிலிருந்து போனது.

பொழுது சாய்வதற்குள்

இடைநோன்பில் நேரத்துக்குத் தனிப் பலன் எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. பலர் தேர்ந்தெடுக்கும் நேரம்தான் தவறு. 2018இல் அமெரிக்காவில் நீரிழிவின் வாசலில் நின்ற எட்டு ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. காலையில் தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள், பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே, அன்றைய உணவை முடித்துவிட வேண்டும். எடை குறையாத அளவுக்கு அவர்களுக்கு உணவு கொடுத்தார்கள். ஐந்து வாரத்தில் எடை மாறாமலே இன்சுலினுக்கு உடல் இணங்குவது மேம்பட்டது, ரத்த அழுத்தமும் இறங்கியது. எட்டுப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் காலையில் நம் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் இரவைவிட நன்றாக இருக்கும் என்ற வேறு பல அவதானிப்புகளோடு இது பொருந்திப்போகிறது.

இந்த வழக்கத்தைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்ச் சமணர்களின் மடம் மேல்சித்தாமூரில் இருக்கிறது. பொழுது சாய்ந்த பின் உண்ணாமை அவர்களின் ஒழுக்கங்களில் ஒன்று. இந்த அட்சரேகையில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாலை 5.40க்கும் 6.40க்கும் இடையில்தான் மறைகிறது. காலை எட்டு மணிக்கு உண்ணத் தொடங்கி அதற்குள் முடித்தால் ஏறத்தாழ பதினாலு மணி நேர நோன்பு தானாக வந்துவிடும், காலை டிபனைக் கைவிடாமலே. உயிர்களுக்கு ஊறு செய்யக்கூடாது என்ற அறத்துக்காக எழுந்த பழக்கம் அது. உடல்நலத்துக்காக எழுந்ததென்று சொன்னால் அவர்களுக்கு நியாயம் செய்ததாகாது. ஆனாலும் கடைக்காரர் எந்த வேளையை விடுவது என்று யோசித்தால், காலை இட்லியைவிட இரவு ஒன்பதரைப் பரோட்டாவை விடுவதே நல்லது. கடையை இரவில் அடைப்பவருக்கு இது எளிதல்ல என்பதும் உண்மை. கடையிலேயே ஆறரைக்குச் சாப்பிட்டுவிடும் ஏற்பாட்டை வீட்டார் செய்ய முடிந்தால் நடக்கும்.

யார் தள்ளி நிற்க வேண்டும்

தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. அவர்களில் பலர் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு வகை மாத்திரையைக் காலையில் உண்கிறார்கள், சிலர் இன்சுலின் ஊசி போடுகிறார்கள். மருந்தைப் போட்டுவிட்டு நண்பகல் வரை வெறும் வயிற்றோடு இருந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். படபடப்பும் கைநடுக்கமும் அதன் முதல் எச்சரிக்கை. அதிகக் காஃபீனும் அதே படபடப்பையும் நடுக்கத்தையும் தருவதால் எச்சரிக்கை அடையாளம் தெரியாமல் போகும். இந்த மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் வேளையையும் அளவையும் மாற்றிக்கொள்ளாமல் இடைநோன்பு தொடங்கக் கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் ஆகியோருக்கும் இது வேண்டாம்.

பெண்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தேயிலையிலும் மாத்தேவிலும் உள்ள துவர்ப்புப் பொருட்கள் உணவின் இரும்புச்சத்தைப் பிணைத்து, குடல் உறிஞ்சாமல் தடுக்கும். நோன்பு முடிக்கும் கீரைச் சோற்றோடு கடைசிக் கோப்பையையும் குடித்தால் கீரையின் இரும்பு வீணாகும். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காப்பி வேண்டாம் என்றும், நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் காஃபீனைத் தாண்ட வேண்டாம் என்றும் 2024இல் ஐதராபாத் தேசிய உணவூட்ட நிறுவனத்தின் வழிகாட்டி சொன்னது. மாத்தேவுக்கும் அதே அளவுகோல்தான். சூட்டிலும் கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1991இல் சூடான மாத்தேவைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக வகைப்படுத்தியது. 2016இல் மறுபடி ஆராய்ந்தபோது குற்றம் இலையிடம் இல்லை, 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில்தான் என்று கண்டது. கொதிக்கக் கொதிக்க டீ குடிப்பவர்களுக்கும் அந்த முடிவு பொருந்தும்.

நண்பகல் தட்டில்

சான்பிரான்சிஸ்கோ ஆய்வில் ஐம்பது பேரின் உடலைக் கருவியால் துல்லியமாக அளந்தார்கள். அந்த ஐம்பதில் இடைநோன்பு இருந்தவர்களுக்குக் குறைந்த 1.7 கிலோவில் 1.1 கிலோ கொழுப்பல்லாத பகுதி. தசையும் அதில் அடங்கும். நம்மவருக்கு இது சின்ன விஷயமல்ல. புணே மருத்துவர் யாக்னிக்கும் லண்டன் பேராசிரியர் யுட்கினும் 2004இல் தங்கள் உடலையே அளந்து காட்டினார்கள். உயரத்துக்கேற்ற எடை இருவருக்கும் ஒன்றே. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடலில் 21.2 சதவீதம். மெலிந்து தோன்றினாலும் தசை குறைவு, கொழுப்பு அதிகம் என்பது இந்திய உடலின் பொதுவான அமைப்பு. இருக்கும் தசையையும் நோன்பில் கரைத்தால் எடைக்கருவி நல்ல செய்தி சொல்லும், ரத்தச் சர்க்கரை சொல்லாது.

தசையைக் காப்பாற்ற உடலுழைப்பும் புரதமும் வேண்டும். 78 கிலோ எடையுள்ள நம் கடைக்காரருக்கு நாளொன்றுக்கு 65 கிராம் புரதமாவது தேவை. மூன்று வேளையில் கிடைத்ததை இனி இரண்டு வேளைக்குள் அடக்க வேண்டும். வெள்ளைச் சோறும் தண்ணீர்ச் சாம்பாரும் அதைத் தராது. இரண்டு முட்டையில் 12 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்த சுண்டலில் 10 கிராம், திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலை ஒரு கைப்பிடியில் 7 கிராம், ஒரு டம்ளர் தயிரில் 6 கிராம். மல்லாட்டையை அவித்துச் சாப்பிடலாம். ஆனால் அந்தக் கைப்பிடி ஏறத்தாழ 170 கலோரி, இரண்டு டீக்குச் சமம் என்பதால், இரண்டாவது கைப்பிடியை மாலை பஜ்ஜியின் கணக்கில்தான் எடுக்க வேண்டும்.